அருண் கேத்தர்பால்: டாங்கியை விட்டு இறங்க மறுத்த காலை

கேட்கப்பட்ட கேள்வி இதுதான். 1971 இந்தியா-பாகிஸ்தான் போரில் உயிரிழந்த செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்தர்பால், எரிகிற டாங்கியை விட்டு வெளியேறும்படி வயர்லெஸில் வந்த ஆணைக்குப் பணிந்திருந்தால் பிழைத்திருப்பார் அல்லவா? இருபத்தொரு வயதின் வேகத்தில் வீணாகப் போன உயிர் என்று அதைச் சொல்வது தவறா? அவர் தனி ஆளாகப் பத்து டாங்கிகளை அழித்தார் என்று எழுதுகிறார்களே, அது சரிதானா?

ஆணைக்கு அவர் பணியவில்லை என்பது உண்மை. அதை யாரும் மறைக்கவில்லை, போர்க்கள வீரத்துக்கான நாட்டின் மிக உயரிய விருதான பரம்வீர் சக்ராவுக்கான அரசின் பாராட்டுரையே அதைச் சொல்கிறது. ஆனால் அந்த மறுப்பை இளரத்தத்தின் கொதிப்பு என்று மட்டும் வாசிப்பது, அன்று காலை அவர் நின்ற இடம் எது, அவருக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதைப் பார்க்காமல் வாசிப்பதாகும். என் பதில் பெரும்பாலும் அந்த நிலத்தைப் பற்றியதாகவே இருக்கும். அதற்கு முன் ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

அருண் 1950 அக்டோபர் 14 அன்று புனேயில் பிறந்தார். அப்பா எம். எல். கேத்தர்பால் ராணுவப் பொறியாளர் பிரிவில் அதிகாரி, பிரிகேடியராக ஓய்வு பெற்றவர். குடும்பத்தின் பூர்வீகம் சர்கோதா. பிரிவினையில் அந்த ஊர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டதால், வீட்டுப் பெரியவர்கள் ஊரை இழந்த நினைவோடு வாழ்ந்தவர்கள். தாத்தா முதல் உலகப் போரில் சண்டையிட்டவர் என்றும், அவருக்கும் முந்தைய தலைமுறை சீக்கியப் படையில் நின்று பிரிட்டிஷாரை எதிர்த்தது என்றும் அந்தக் குடும்பத்தில் சொல்லிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை ராணுவத்துக்குப் போனதில் வியப்பு ஏதும் இல்லை. இமாசலத்தில் உள்ள சனாவர் லாரன்ஸ் பள்ளியில் படித்து, 1967-இல் தேசிய பாதுகாப்பு அகாதமியில் சேர்ந்து, அங்கே ஃபாக்ஸ்ட்ராட் ஸ்குவாட்ரனின் கேடட் கேப்டனாக இருந்து, பிறகு டேராடூன் இந்திய ராணுவ அகாதமியில் பயிற்சி முடித்து, 1971 ஜூன் 13 அன்று 17 பூனா ஹார்ஸ் என்ற கவசப்படை (டாங்கிப் படை) ரெஜிமென்டில் அதிகாரியாகச் சேர்ந்தார். அந்த ஜூனிலிருந்து அவர் இறந்த டிசம்பர் வரை எண்ணினால் ஆறே மாதம்.

பூனா ஹார்ஸ் சாதாரண ரெஜிமென்ட் இல்லை. 1965 போரில் அதன் கட்டளை அதிகாரி லெப்டினன்ட் கர்னல் ஏ. பி. தாராபூர் சியால்கோட் பகுதியில் டாங்கிச் சண்டையில் உயிரிழந்து பரம்வீர் சக்ரா பெற்றவர். அந்தப் பெயரைக் கேட்டே வளரும் ரெஜிமென்டுக்குப் புதிதாக வரும் இளம் அதிகாரிக்கு, தன்னிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதை யாரும் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்காது. 1971-இல் அதன் கட்டளை அதிகாரியாக இருந்தவர் லெப்டினன்ட் கர்னல் ஹனூத் சிங். திருமணம் செய்துகொள்ளாமல் துறவி போல வாழ்ந்த, பின்னாளில் லெப்டினன்ட் ஜெனரலான அவர், இந்தியக் கவசப்படை கண்ட மிகச் சிறந்த தலைவர்களில் ஒருவர் என்பது என் எண்ணம் மட்டுமல்ல, அந்தப் படையில் பணியாற்றிய பலரின் எண்ணமும் அதுவே.

போர் மூண்டபோது அருண் அகமத்நகரில் இளம் அதிகாரிகளுக்கான பயிற்சி வகுப்பில் இருந்தார். வகுப்பைப் பாதியில் நிறுத்தி அனைவரையும் அவரவர் ரெஜிமென்டுக்கு அனுப்பினார்கள். போகும் வழியில் டெல்லி வீட்டில் தலைகாட்டிவிட்டுப் போனவர், கோல்ஃப் மட்டைகளையும், விருந்துகளுக்கு அணியும் நீலச் சீருடையையும் மூட்டையில் கட்டிக்கொண்டார் என்றும், எதற்கு என்று கேட்டதற்கு லாகூரில் கோல்ஃப் ஆடப்போகிறேன், வெற்றி விருந்துக்கு நல்ல உடுப்பு வேண்டாமா என்றார் என்றும் சொல்வார்கள். கேள்வி கேட்டவர் குறிப்பிடும் இளமை வேகம் இந்தச் செய்தியில் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. போர் எப்படி இருக்கும் என்று இன்னும் பார்க்காத ஒருவரின் பேச்சு அது.

இனி நிலத்துக்கு வருவோம். ஜம்முவுக்குத் தெற்கே, இந்திய எல்லைக்குள் முட்டிக்கொண்டு நிற்கும் பாகிஸ்தான் நிலப்பகுதிக்கு ஷகர்கர் புடைப்பு என்று பெயர். பதான்கோட்டிலிருந்து ஜம்முவுக்குப் போகும் சாலை அதன் ஓரமாகவே செல்கிறது. அங்கிருந்து பாகிஸ்தான் படை முன்னேறிச் சாலையை வெட்டிவிட்டால் காஷ்மீர் முழுவதும் துண்டிக்கப்படும் என்பதால், அதற்கு முன்பாக நாமே உள்ளே நுழைந்துவிட வேண்டும் என்பது இந்தியத் திட்டம். 54-ஆவது காலாட்படை டிவிஷன் சாம்பா பக்கமிருந்து டிசம்பர் 5 இரவு எல்லையைத் தாண்டியது. எதிரியின் துப்பாக்கிகளைவிட அதிகமாக அந்தப் படையைத் தாமதப்படுத்தியவை கண்ணிவெடி வயல்கள். அடுக்கடுக்காக, சில இடங்களில் கடந்துபோக வேண்டிய தூரம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் இருக்கும்படி அவை பரந்து கிடந்தன. பொறியாளர்கள் ஒவ்வொரு வயலிலும் டாங்கி போகும் அகலத்துக்கு வழி திறந்து கொடுத்த பின்னரே படை நகர முடிந்தது. அந்த வேலையில் முன்னின்ற 9-ஆவது பொறியாளர் ரெஜிமென்டின் மேஜர் விஜய் ரத்தன் சவுத்ரி உயிரிழந்து, பரம்வீர் சக்ராவுக்கு அடுத்த நிலை விருதான மகாவீர் சக்ரா பெற்றார். டாங்கிகளின் சாகசத்தைப் பேசும் இடங்களில் அவர் பெயர் எப்போதும் விட்டுப்போவது எனக்கு நெடுநாள் குறை.

டிசம்பர் 15 இரவு 47-ஆவது காலாட்படை பிரிகேட் பசந்தர் ஆற்றைக் கடந்து அக்கரையில் இடம் பிடித்தது. 3 கிரனேடியர்ஸ் ஜர்பால் கிராமத்தைக் கைப்பற்றியது. 16 மெட்ராஸ் சராஜ் சக் பகுதியைக் கைப்பற்றியது. மெட்ராஸ் ரெஜிமென்டின் இந்தப் பட்டாலியன் பசந்தரில் நின்றது என்பது தமிழ் வாசகர்களில் பலருக்குத் தெரியாது. அதன் கட்டளை அதிகாரி லெப்டினன்ட் கர்னல் வேத் பிரகாஷ் கய் அந்தச் சண்டையில் உயிரிழந்து மகாவீர் சக்ரா பெற்றவர். ஆற்றைக் கடந்த காலாட்படைக்கு ஒரே கவலைதான். விடிந்ததும் பாகிஸ்தான் டாங்கிகள் வரும். அவை வரும்போது தங்கள் பக்கத்தில் டாங்கிகள் இல்லாவிட்டால் கையிலிருக்கும் ஆயுதங்களை வைத்துக்கொண்டு திறந்த வயலில் நெடுநேரம் தாக்குப்பிடிக்க முடியாது. பொறியாளர்களோ கண்ணிவெடி வயலில் பாதி வழியைத்தான் திறந்திருந்தார்கள். அக்கரையிலிருந்து, எதிரி டாங்கிகளின் நடமாட்டம் தெரிகிறது, உடனே உதவி வேண்டும் என்று செய்தி வந்தபோது, வழி முழுவதும் திறக்கும்வரை காத்திருப்பதில்லை என்று பூனா ஹார்ஸ் முடிவெடுத்தது. மீதிப் பாதியைக் கண்ணிவெடிகள் அகற்றப்படாத நிலத்தின் மீதே இருட்டில் ஓட்டிச் சென்று, விடியும் வேளையில் காலாட்படையோடு சேர்ந்துகொண்டார்கள்.

இங்கே ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அந்த டாங்கிகளுக்குப் பின்னால் இருந்தது, இன்னும் முழுமையாகத் திறக்கப்படாத ஒரு குறுகிய வழி. அதற்கும் பின்னால் ஆறு. பின்வாங்குவது என்றால் அந்த வழியாகத்தான் பின்வாங்க வேண்டும், அதுவும் எதிரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே. காலாட்படையோ அந்த வழியாகவும் போக முடியாமல் பதுங்குகுழிகளிலேயே அழிந்திருக்கும்.

டிசம்பர் 16 காலை 8 மணியளவில், புகைத்திரையின் மறைவில் பாகிஸ்தானின் முதல் டாங்கித் தாக்குதல் ஜர்பாலை நோக்கி வந்தது. வந்தவை அமெரிக்க பாட்டன் டாங்கிகள். அவற்றை ஓட்டி வந்தது 13 லான்சர்ஸ் ரெஜிமென்ட். எதிர்கொண்டு நின்ற பூனா ஹார்ஸ் ‘பி’ ஸ்குவாட்ரனிடம் (ஸ்குவாட்ரன் என்பது ரெஜிமென்டின் ஒரு பிரிவு) இருந்தவை பிரிட்டிஷ் செஞ்சூரியன் டாங்கிகள். எதிரியின் எண்ணிக்கை அதிகம், உதவி அனுப்புங்கள் என்று அந்த ஸ்குவாட்ரன் தலைவர் வயர்லெஸில் கேட்டதை, ‘ஏ’ ஸ்குவாட்ரனில் இருந்த அருண் கேட்டார். யாரும் பெயர் சொல்லி அழைக்கும் முன்பே தன் டாங்கிகளோடு கிளம்பினார்.

அடுத்து நடந்ததை அரசின் பாராட்டுரை ஒளிவுமறைவின்றிச் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. வழியில், இன்னும் விழாமல் சுட்டுக்கொண்டிருந்த எதிரி நிலைகளும், டாங்கிகளைத் தகர்க்கும் ரீகாயில்லெஸ் துப்பாக்கிக் குழுக்களும் இருந்தன. சுற்றிப்போக நேரமில்லை என்று அருண் எச்சரிக்கையைக் காற்றில் விட்டு, அந்த நிலைகளின் மீதே டாங்கியை ஏற்றி, எதிரிக் காலாட்களைக் கைத்துப்பாக்கி முனையில் பிடித்தார். அந்தப் பாய்ச்சலில் அவருடைய ட்ரூப்பை, அதாவது அவர் நடத்திய சிறு டாங்கிக் குழுவைச் சேர்ந்த ஒரு டாங்கிக் கமாண்டர் உயிரிழந்தார். ‘பி’ ஸ்குவாட்ரனை எட்டியபோது முதல் தாக்குதலை முடித்துக்கொண்டு எதிரி டாங்கிகள் திரும்பிக்கொண்டிருந்தன. சண்டையின் வெறியில் அவற்றைத் துரத்திப்போய் ஒன்றை அடித்தும்விட்டார். இளமை வேகம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட வேண்டுமானால் அது இந்தத் துரத்தல்தான். அதை மெச்சுவதா கடிந்துகொள்வதா என்பதில் கவசப்படைக்காரர்களே ஒரே குரலில் பேசமாட்டார்கள். அவர் உயிர் போனது இந்தத் துரத்தலில் இல்லை என்பதுதான் கேள்வி கேட்டவர் கவனிக்க வேண்டியது.

எதிரி மீண்டும் அணிவகுத்து ஒரு முழு ஸ்குவாட்ரனோடு இரண்டாம் முறை வந்தான். இம்முறை அவன் தேர்ந்தெடுத்த இடம் மூன்றே டாங்கிகள் நின்ற பகுதி: கேப்டன் மல்ஹோத்ரா, லெப்டினன்ட் அஹ்லாவத், அருண். இருபுறமும் மிக அருகிலிருந்து சுட்டுக்கொண்ட சண்டை அது. அஹ்லாவத்தின் டாங்கி அடிபட்டு அவர் காயமடைந்தார். மல்ஹோத்ராவின் டாங்கியில் பீரங்கி பழுதாகிச் சுட முடியாமல் போனது. ஆக அந்தப் பகுதியில் சுடக்கூடிய நிலையில் எஞ்சியது ‘ஃபாமகுஸ்டா’ என்று பெயரிடப்பட்ட அருணின் டாங்கி ஒன்றுதான். அதுவும் அடிபட்டுத் தீப்பிடித்திருந்தது. அவருக்கும் பலத்த காயம்.

டாங்கியை விட்டு வெளியேறு என்ற ஆணை இந்த நொடியில்தான் வந்தது. அருண் சொன்ன பதில் ரெஜிமென்டின் நினைவில் நிற்கிறது: இல்லை சார், என் டாங்கியை விட்டு நான் போகமாட்டேன்; என் பீரங்கி இன்னும் வேலை செய்கிறது, இவர்களை விடமாட்டேன். கடைசிச் சொற்கள் இதைவிடக் காரசாரமாக இருந்தன, அவற்றை விட்டுவிடுகிறேன். இந்த வாக்கியத்தை மேடைகளில் முழங்கும்போது முதல் பாதியை மட்டும் அழுத்திச் சொல்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதன் நடுவில் இருக்கும் செய்தி: பீரங்கி வேலை செய்கிறது. அது ஒரு நிலவர அறிக்கை. எரிகிற டாங்கியை விட்டு ஆட்கள் வெளியேற வேண்டும் என்பது கவசப்படையின் பொதுவான நியாயம். சுட முடியாத டாங்கிக்குள் நான்கு பேர் வெந்து சாவதில் யாருக்கும் பயனில்லை. சுட முடிகிற டாங்கி, அதுவும் அந்தப் பகுதியில் மிஞ்சிய ஒரே டாங்கி, வேறு கணக்கு. அந்தக் கணக்கை வயர்லெஸின் மறுமுனையில் இருந்தவர் ஒரு விதமாகவும், டரெட்டில், அதாவது பீரங்கி பொருத்திய மேற்கூண்டில் நின்று எதிரே வருவதைக் கண்ணால் பார்த்தவர் இன்னொரு விதமாகவும் போட்டார்கள். இளைய அதிகாரியின் உயிரைக் காக்க நினைத்த மூத்தவர் செய்ததிலும் பிழை காண என்னால் முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஒரு அங்குலம்கூட எந்த டாங்கியும் பின்னால் நகரக் கூடாது என்று ஹனூத் சிங் அன்று காலை ரெஜிமென்ட் முழுவதற்கும் ஆணையிட்டிருந்தார் என்பதும், தீயை அணைக்கக் கொஞ்சம் பின்னால் போகலாமா என்று ஓட்டுநர் கேட்டபோது அருண் அதையே நினைவூட்டினார் என்பதும் ரெஜிமென்டில் சொல்லப்படும் வரலாறு. அப்படியானால் ஆணையை மீறினார் என்பதைவிட, ஒன்றுக்கொன்று முரணான இரண்டு ஆணைகளில் ஒன்றைத் தேர்ந்தார் என்பதே பொருந்தும். பாராட்டுரையும் இதையொட்டியே பேசுகிறது: எதிரி பலத்த இழப்புக்குப் பின்னும் தன் பகுதியில் முன்னேறி வருவதையும், தான் இறங்கினால் அவன் உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவான் என்பதையும் அவர் உணர்ந்திருந்தார் என்கிறது. அவர் தொடர்ந்து நின்று இன்னொரு டாங்கியை அடித்தார். அதன் பின் விழுந்த இரண்டாம் குண்டு அவரைக் கொன்றது. நேரம் காலை பத்தேகால் மணியளவு. அவர் காத்த பகுதியில் ஒரு பாகிஸ்தான் டாங்கியும் உள்ளே வரவில்லை.

இறங்கியிருந்தால் பிழைத்திருப்பாரா? பிழைத்திருக்கலாம். பலத்த காயத்தோடு, சுற்றிலும் எதிரி டாங்கிகள் சுட்டுக்கொண்டிருக்கும் திறந்த வயலில் இறங்கும் ஒருவருக்கு வாய்ப்பு எவ்வளவு என்பதை அவரவர் ஊகத்துக்கு விடுகிறேன். அந்த டாங்கிக்குள் மேலும் மூவர் இருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். வயர்லெஸ் இயக்கிய சவார் (கவசப்படைச் சிப்பாய்) நந்த் சிங்கும் அதற்குள்ளேயே உயிரிழந்தார். சுடுநரும் ஓட்டுநரும் பிழைத்தார்கள். கமாண்டரின் முடிவு அவர் ஒருவருடைய உயிரோடு நிற்பதில்லை என்பது டாங்கிப் போரின் கொடுமையான உண்மை. வீணான சாவா என்று கேட்பவர்கள் அந்தக் கேள்வியை நந்த் சிங்கின் பெயராலும் கேட்க வேண்டும்.

அன்று பிற்பகலிலேயே டாக்காவில் பாகிஸ்தானின் கிழக்குப் படை சரணடைந்தது. மறுநாள் இரவு மேற்கிலும் போர்நிறுத்தம் வந்தது. சாம்பா அருகே டிசம்பர் 17 அன்று அருணின் உடலுக்குத் தீமூட்டினார்கள். டெல்லியில் வீட்டாருக்கு இதெல்லாம் தெரியாது. போர் முடிந்துவிட்டது, பிள்ளை வந்துவிடுவான் என்று காத்திருந்த அந்த வீட்டுக்கு டிசம்பர் 26 அன்றுதான் தந்தி வந்தது. போர்நிறுத்தத்துக்கு ஒரு நாள் முன்னால் இறந்ததால் அந்தச் சாவு பொருளற்றது என்று சிலர் வாதிடுவதைப் படித்திருக்கிறேன். மறுநாள் என்ன நடக்கும் என்பது பசந்தர் கரையில் நின்ற யாருக்கும் தெரியாது. ஜர்பாலில் எதிர்த்தாக்குதல்கள் 17-ஆம் தேதியும் தொடர்ந்தன. அவற்றை முறியடித்ததற்காக 3 கிரனேடியர்ஸின் மேஜர் ஹோஷியார் சிங்கும் பரம்வீர் சக்ரா பெற்றார். 1971 போருக்கு வழங்கப்பட்ட நான்கு பரம்வீர் சக்ராக்களில் இரண்டு இந்த ஒரே சண்டைக்கு உரியவை. அந்த நால்வரில் உயிரோடு விருது பெற்றவர் ஹோஷியார் சிங் மட்டுமே.

இந்த வரலாற்றுக்கு முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு பின்கதை உண்டு. 2001-இல், எண்பது வயதைக் கடந்திருந்த பிரிகேடியர் கேத்தர்பால், பிறந்த ஊரான சர்கோதாவைச் சாவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று பாகிஸ்தானுக்குப் போனார். லாகூரில் அவரைத் தன் வீட்டில் தங்கவைத்து உபசரித்தவர் பாகிஸ்தான் ராணுவத்தின் பிரிகேடியர் க்வாஜா முகமது நாசர். விருந்தினர் கிளம்புவதற்கு முந்தைய இரவு நாசர் தன் மனத்தில் இருந்ததைச் சொன்னார்: 1971-இல் 13 லான்சர்ஸில் இருந்தவன் நான், உங்கள் மகன் என் கையால்தான் இறந்தார். இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் சுட்டதாகவும், தன் டாங்கியும் அடிபட்டதாகவும், தான் பிழைத்ததாகவும் அவர் விவரித்தார். அந்த முதியவர் அதை எப்படி வாங்கிக்கொண்டார் என்பதை விரித்து எழுதுபவர்கள் பலர். நான் அதற்குள் போகப்போவதில்லை. பிறகு நாசர் அனுப்பிய குறிப்பில், எதிர்த்தாக்குதலின் வெற்றிக்கும் தோல்விக்கும் நடுவே கடக்க முடியாத பாறையாக நின்றவர் என்று அருணைக் குறிப்பிட்டிருந்தார். என் வாதத்துக்கு இதைவிட வலுவான சாட்சி இல்லை. அந்த இடத்தில் அருண் நின்றதால் என்ன ஆயிற்று என்பதை, அவரைத் தாண்டிப் போக முயன்ற படையின் அதிகாரியே எழுதிக்கொடுத்துவிட்டார்.

பத்து டாங்கிகள் என்ற கடைசிக் கேள்வி. பாராட்டுரையின்படி இரண்டாம் தாக்குதலில் அழிந்த எதிரி டாங்கிகள் பத்து. அது மூன்று இந்திய டாங்கிகளும் சேர்ந்து அடித்த கணக்கு. அவற்றில் நான்கு அருண் அடித்தவை. வெளியேறு என்ற ஆணைக்குப் பின் அவர் அடித்த இன்னொன்றையும் அதே பாராட்டுரை சொல்கிறது. அந்த ஒன்று நான்கில் அடங்குமா, தனியா என்பதைப் பொறுத்துச் சிலர் நான்கு என்றும் சிலர் ஐந்து என்றும் எழுதுகிறார்கள். முதலில் துரத்திப்போய் அடித்த ஒன்றையும் சேர்த்தால் இன்னும் ஒன்று கூடும். பத்தையும் அவர் பெயரில் எழுதுவது மல்ஹோத்ராவுக்கும் அஹ்லாவத்துக்கும் அவர்களுடைய சுடுநர்களுக்கும் செய்யும் அநியாயம்.